கம்பிக்கு இரண்டு முனை: தந்தி முதல் தெருக் கேமரா வரை



வங்கி, ரேஷன் கடை, பள்ளிக்கூடம், வீட்டு வைஃபை, தெருமுனைக் கேமரா, இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இன்று ஏதோ ஒரு கம்பி ஓடுகிறது. கம்பி என்றால் அதற்கு இரண்டு முனை உண்டு. இரண்டு முனையிலும் உள்ள கருவிகள் ஒரே வேகத்தில், ஒரே முறையில் பேச ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு முனை ஒன்றை நினைத்து, மறுமுனை வேறொன்றை நினைத்தால் என்ன ஆகும்? கம்பி அறுந்திருக்காது. பச்சை விளக்கு எரியும். சோதிக்க வருகிறவர் "லைன் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போவார். வேலை மட்டும் நடக்காது.

கணினி வலையமைப்பில் இதற்கு 'டூப்ளெக்ஸ் மிஸ்மேட்ச்' என்று பெயர். இளைஞர்கள் சமாச்சாரம் என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். இது நூற்றைம்பது வருடக் கதை. அதில் நம் நாட்டுத் தந்தி இலாகாவுக்கும் பங்கு உண்டு. கதை தெரிந்தால், அடுத்த முறை கேமரா மெக்கானிக் வரும்போது என்ன கேட்பது என்பதும் நமக்குத் தெரிந்துவிடும்.

ஒரே கம்பியில் இரண்டு செய்தி

இந்தியாவில் தந்தி 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தொடங்கியது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய ஊர்கள் இணைக்கப்பட்டு, 1855இல் பொதுமக்களும் தந்தி கொடுக்கலாம் என்று ஆனது. 2013 ஜூலையில் அந்தச் சேவை நிறுத்தப்பட்டதை நாம் எல்லோரும் செய்தித்தாளில் படித்தோம்.

அந்தக் காலத்துத் தந்திக் கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேசலாம். சென்னை அடித்தால் பம்பாய் கேட்க வேண்டும். பம்பாய் அடித்தால் சென்னை கேட்க வேண்டும். நம் காரைக்குடி ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தடம். எதிர் வண்டி வந்து சேரும்வரை இந்த வண்டி ஸ்டேஷனில் நிற்க வேண்டும். இப்படி முறை வைத்து மாறி மாறிப் போவதைத்தான் இன்று 'ஹாஃப் டூப்ளெக்ஸ்' என்கிறார்கள். இரட்டைத் தடம் போட்டால் இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் எதிரும் புதிருமாகப் போகலாம். அது 'ஃபுல் டூப்ளெக்ஸ்'.

புதிதாக ஒரு கம்பி இழுப்பது செலவுள்ள வேலை. இருக்கிற ஒரே கம்பியில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்ப முடியுமா என்று 1853இல் வியன்னாவில் கின்டல் என்பவர் முயன்று பார்த்தார். யோசனை சரியானதுதான். ஆனால் அன்றாட வேலைக்கு அது நிலைத்து நிற்கவில்லை. 1872 வாக்கில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஜோசப் ஸ்டெர்ன்ஸ் அதில் மின்தேக்கியைச் சேர்த்துச் சரிப்படுத்திய பிறகுதான் டூப்ளெக்ஸ் தந்தி நடைமுறைக்கு வந்தது.

அதன் சூட்சுமம் இதுதான். நான் தந்தி அடித்தால் என் பக்கத்துக் கருவி அசையக் கூடாது. எதிர்முனைக் கருவிதான் அசைய வேண்டும். இதற்காக ஒவ்வொரு முனையிலும் ஒரு 'பொய்க் கம்பி' வைத்தார்கள். அது வேறொன்றுமில்லை, உண்மைக் கம்பிக்கு இருக்கும் மின்தடையும் மின்தேக்கமும் அப்படியே இருக்கும்படி மேசை மேல் கட்டிய ஒரு பெட்டி. நான் அனுப்பும் மின்சாரம் பாதி உண்மைக் கம்பியிலும் பாதி பொய்க் கம்பியிலும் போகும். இரண்டும் சரிசமமாக இருந்தால் ஒன்றை ஒன்று சமன் செய்துவிடும். என் கருவி அசையாது. எதிர்முனையிலிருந்து வரும் செய்தி மட்டும் அதை அசைக்கும். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் பற்றும் வரவும் சமமாகி, மீதி சுழி.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. மழைக்காலத்தில் கம்பத்துப் பீங்கான் நனைந்து மின்சாரம் கசியும். உண்மைக் கம்பியின் குணம் மாறிவிடும்; மேசை மேல் இருக்கும் பொய்க் கம்பியோ மாறாது. சமநிலை கெட்டு, தன் செய்தியே தன் காதில் விழும். எதிர்முனைச் செய்தி குழம்பும். கம்பி அறுந்தால் உடனே தெரிந்துவிடும். சமநிலை குலைந்தால் அரைகுறையாக எழுத்து வரும். கோளாறு எந்த முனையில் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

கல்கத்தாவிலிருந்து வந்த கணக்கு

இந்தியத் தந்தி இலாகாவில் லூயி ஷ்வெண்ட்லர் என்று ஒரு ஜெர்மானியப் பொறியாளர் இருந்தார். கல்கத்தாவின் ஆலிப்பூர் விலங்குக் காட்சிசாலை 1876இல் தொடங்கியபோது, அவர் தனியாக வளர்த்து வந்த விலங்குகளும் அதற்குப் போய்ச் சேர்ந்தன. பலரும் அவரை அதற்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். நமக்கு முக்கியம் அவர் செய்த இன்னொரு காரியம். 1874இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் டூப்ளெக்ஸ் தந்தியின் பொதுக் கோட்பாடு பற்றி அவர் கணித முறையில் எழுதினார். பிறகு இந்திய அரசுக்காகத் தந்தி லைன்களைச் சோதிப்பதற்கென்றே இரண்டு பாகங்களில் ஒரு வழிகாட்டி நூலும் எழுதினார்.

ஐரோப்பாவில் குறைந்த தூரத்துக்குச் சரிப்பட்ட ஏற்பாடு இங்கே பல நூறு மைல் கம்பிக்கு, நம் வெயிலுக்கும் மழைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் சமநிலை எப்படிக் கெடுகிறது, எப்படி அளப்பது, எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்பதெல்லாம் இங்கே இவ்வளவு தீவிரமாக ஆராயப்பட்டது. லைனைச் சோதிப்பது என்றால் 'கரண்ட் வருகிறதா' என்று பார்ப்பது மட்டுமல்ல, இரண்டு முனையையும் அளந்து ஒப்பிடுவது என்ற பாடம் அப்போதே எழுதி வைக்கப்பட்டுவிட்டது.

இந்தப் பாடம் செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த நகரத்தார், அங்கே உள்ள முகவரின் கணக்கை ஊரில் உள்ள ஏட்டோடு ஒத்துப் பார்த்தவர்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நாளில் தொடங்கப்பட்டது. கடல் கடந்த தொழிலில் ஒரு முனையின் ஏடு மட்டும் சுத்தமாக இருந்து பிரயோசனமில்லை. இரண்டு ஏடும் ஒத்துப்போக வேண்டும். வங்கிகளில் கிளைகளுக்கு இடையிலான கணக்கை ஒத்துப் பார்க்கத் தனிப் பிரிவே வைத்திருந்ததும் இதனால்தான்.

கணினிக்கு வந்த கம்பி

இனி கணினிக்கு வருவோம். 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் இருவரும் ஈதர்நெட்டை உருவாக்கினார்கள். ஒரே கேபிளில் பல கணினிகள் வரிசையாகக் கோத்திருக்கும். யாருக்கும் முறை வைக்க ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. பேசுவதற்கு முன் ஒவ்வொரு கணினியும் கேபிளைக் கவனிக்க வேண்டும். யாரும் பேசவில்லை என்றால் பேசலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிட்டால் அது 'மோதல்'. இருவரும் உடனே நிறுத்தி, ஆளுக்கு ஒரு கணக்கில்லாத சிறு நேரம் காத்திருந்து மறுபடி தொடங்குவார்கள். நம் ஊர்ச் சந்தில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்குவதில்லையா, அந்த மரியாதைதான். 1983இல் ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு இதை 802.3 என்ற எண்ணில் தரநிலையாக்கியது.

அதே 1983இல்தான் இங்கே வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் கணினிமயமாக்கல் பற்றி ஒப்பந்தம் போட்டன. 1984இல் சி. ரங்கராஜன் குழுவின் அறிக்கை, 1989இல் இரண்டாவது அறிக்கை. முதலில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின், பிறகு கிளை முழுவதும் கணினி. 1998இல் மத்திய விஜிலன்ஸ் கமிஷன் ஒரு உத்தரவு போட்டது: 2001 ஜனவரிக்குள் அரசு வங்கிகளின் வியாபாரத்தில் 70 விழுக்காடு கணினியில் இருக்க வேண்டும். கிளைகளில் கேபிள் இழுக்கும் வேலை மும்முரமாக நடந்தது அந்த ஆண்டுகளில்தான்.

அப்போதைய கேபிள், டிவி ஆன்டெனா கேபிள் போல இருக்கும். கணினிக்குக் கணினி 'டி' வடிவ இணைப்பு. கடைசி முனையில் ஒரு மூடி. யாராவது மேசையை நகர்த்தி ஓர் இணைப்பு கழன்றால் கிளை முழுவதும் நின்றுவிடும். எரிச்சலான ஏற்பாடுதான். ஆனால் எல்லோரும் ஒரே கேபிளில் மாறி மாறித்தான் பேச முடியும் என்பதால், 'நீ ஒற்றைத் தடமா, இரட்டைத் தடமா' என்ற கேள்வியே எழவில்லை.

அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது சுவிட்ச். 1990 வாக்கில் அமெரிக்காவில் முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் பெயர் 'கல்பனா'. இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரையே அதற்கு வைத்தார். 1994இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. சுவிட்ச் வந்த பிறகு ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கேபிள். அதில் அனுப்ப ஒரு ஜோடிக் கம்பி, வாங்க ஒரு ஜோடிக் கம்பி. ஆக இரட்டைத் தடம் சாத்தியமாயிற்று. மோதலும் இல்லை, காத்திருப்பும் இல்லை. 1997இல் ஃபுல் டூப்ளெக்ஸ் முறை தரநிலையில் சேர்ந்தது. இதற்கிடையே 1995இல் வேகமும் 10இலிருந்து 100 மெகாபிட் ஆனது.

கைகுலுக்கலும் அதில் விழுந்த ஓட்டையும்

பழைய கருவி 10இல் மாறி மாறிப் பேசும். புதியது 100இல் இருபக்கமும் பேசும். இரண்டும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டால்? அதற்காக 1995 தரநிலையிலேயே 'ஆட்டோ நெகோஷியேஷன்' என்ற ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். கேபிளைச் செருகியவுடன் இரண்டு முனையும் சிறு துடிப்புகளாகத் தங்கள் தகுதியைச் சொல்லிக்கொள்ளும்: 'எனக்கு 10 தெரியும், 100 தெரியும், இருபக்கமும் பேசத் தெரியும்.' இருவருக்கும் பொதுவாகத் தெரிந்ததில் சிறந்ததை எடுத்துக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடு.

ஒரு முனையில் யாரோ கைவைத்து '100, ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று நிரந்தரமாகப் பதித்துவிட்டால் என்ன ஆகும்? பல கருவிகள் அதற்குப் பிறகு இந்தப் பேச்சுவார்த்தையில் கலந்துகொள்வதில்லை. மறுமுனை கேள்வி கேட்டுப் பார்க்கும், பதில் வராது. வருகிற சிக்னலின் அமைப்பைப் பார்த்து வேகம் 100 என்று கண்டுபிடித்துவிடும். ஆனால் ஒற்றைத் தடமா இரட்டைத் தடமா என்பதைச் சிக்னலைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. தெரியாதபோது ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று வைத்துக்கொள் என்பதுதான் தரநிலையின் உத்தரவு. ஆக, நல்லது செய்வதாக நினைத்து ஒருவர் ஒரு முனையில் செய்த மாற்றமே மறுமுனையை மட்டப்படுத்திவிடுகிறது.

இப்போது ஒரு ஸ்டேஷன் இரட்டைத் தடம் என்று நினைத்து நினைத்தபோதெல்லாம் வண்டி விடுகிறது. மற்றது ஒற்றைத் தடம் என்று நினைத்துக் கவனித்துக் கவனித்து விடுகிறது. ஹாஃப் பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரே வண்டி வந்தால் 'மோதல்' என்று பாதியில் நிறுத்திவிடும். ஃபுல் பக்கத்துக்குப் பாதிச் செய்தி வரும். அது கெட்டுப்போன செய்தி என்று தூக்கி எறியும். மோதலே கிடையாது என்பது அதன் எண்ணம் ஆகையால் அது எதையும் நிறுத்தாது. மேல்மட்ட மென்பொருள் 'வரவில்லையே' என்று காத்திருந்து மறுபடி அனுப்பச் சொல்லும். போகப்போக எல்லாம் ஊர்ந்து போகும்.

இதில் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. வேகமே பொருந்தாவிட்டால், அதாவது ஒரு முனை 10, மறுமுனை 100 என்று பதித்திருந்தால், பெரும்பாலும் இணைப்பே வராது, விளக்கு எரியாது. உடனே தெரிந்துவிடும். டூப்ளெக்ஸ் பொருந்தாவிட்டால் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். 'பிங்' சோதனை என்பது ஒரு சின்னத் துண்டுச் செய்தி போய் வருவதுதான். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால்தானே மோதும்? ஒரே ஒரு வண்டி விட்டுப் பார்த்தால் தடம் நன்றாகத்தான் தெரியும். ஆள் இல்லாத நேரத்தில் ஓடும். கூட்டம் சேர்ந்தால் படுத்துக்கொள்ளும்.

நான் வேலை பார்த்த கிளை ஒன்றில் இது பல வாரம் நடந்தது. காலையில் கவுண்டர் திறக்கும்போது நன்றாக இருக்கும். பதினொரு மணிக்கு மேல் திரை நகராது. மாதத்தின் முதல் வாரம். பென்ஷன் வாங்க வந்த பெரியவர்கள் பெஞ்சு போதாமல் படியில் உட்கார்ந்திருப்பார்கள். லைன் கொடுத்தவர்கள் கருவி கொடுத்தவர்களைக் கை காட்டினார்கள். கருவிக்காரர்கள் லைனைக் கை காட்டினார்கள். இருவரும் தத்தம் முனையைச் சோதித்து 'சரி' என்று கையெழுத்தும் போட்டார்கள். அவரவர் முனையில் அவரவர் சொன்னது உண்மைதான். மூன்றாவதாக வந்த ஓர் இளைஞர் இரண்டு பெட்டியையும் திறந்து அமைப்புகளை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தார். ஒன்றில் 'ஃபுல்', மற்றதில் 'ஹாஃப்'. இரண்டையும் 'ஆட்டோ'வில் விட்டார். அன்று மதியமே வரிசை கரைந்தது.

இதற்கெல்லாம் எல்லோரையும் குறை சொல்லிப் பயனில்லை. தொடக்கத்தில் வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகள் ஒன்றோடொன்று ஒழுங்காகக் கைகுலுக்கவில்லை. அதனால் 'ஆட்டோவை நம்பாதே, கையால் பதி' என்பது பொறியாளர்களிடையே ஒரு வேதவாக்காகவே இருந்தது. 1998இல் தரநிலையைத் திருத்தி மயக்கங்களைக் களைந்தார்கள். 1999இல் செம்புக் கம்பியில் 1000 மெகாபிட் வேகம் வந்தபோது, அதற்கு ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம் என்றே ஆக்கினார்கள். காரணங்கள் தீர்ந்துவிட்டன, பழக்கம் மட்டும் நீண்ட நாள் தீரவில்லை. 2005இல் ஒரு கருவி தன் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் பக்கத்துக் கருவிக்கு அவ்வப்போது அறிவிக்கும் பொதுவான முறையும் தரநிலையாக வந்தது. விலை கூடிய சுவிட்சுகள் இப்படி ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்று தாமே எச்சரிக்கும். நம்மைப் போன்றவர்கள் வாங்கும் மலிவுப் பெட்டிகள் வாய் திறக்காது.

நம் தெருவுக்கு இதனால் என்ன?

நம் பகுதியில் பூட்டிய வீடுகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கதவும் தூணும் பழைய சாமான்களும் இங்கே இருக்கின்றன. அவற்றுக்குக் காவல், தெருக் கேமராதான். பெரும்பாலான கேமராக்களின் இணைப்பு இன்றும் 100 மெகாபிட்தான். அதாவது இந்தக் கோளாறு வரக்கூடிய வகை. திரையில் படம் தெரிகிறது என்பதால் பதிவும் முழுதாக இருக்கிறது என்று பொருளல்ல. நடுநடுவே விட்டுப்போன பதிவு, வேண்டிய நாளில்தான் தெரியவரும்.

வீட்டு இணையத்திலும் இதன் தம்பி ஒருவன் உண்டு. 1000 மெகாபிட் வேகத்துக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும்; 100க்கு இரண்டு ஜோடி போதும். நம் வீட்டுக் கனத்த சுவரில் துளை போட்டு இழுக்கும்போது ஒரு ஜோடி அறுந்தால், பல கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நீங்கள் 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். வேகச் சோதனை மட்டும் 90, 95ஐத் தாண்டாது. அப்படி நின்றால் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் கேபிளையும் அதன் இரு நுனிகளையும் பாருங்கள்.

சங்கத்தின் அடுத்த பராமரிப்பு நாளில் கீழ்க்கண்டவற்றைக் கேட்கலாம் என்பது என் யோசனை.

ஒன்று, கேமரா, சுவிட்ச், ரெக்கார்டர் எல்லாவற்றிலும் வேக அமைப்பு 'ஆட்டோ'வில் இருக்கிறதா? விதி எளிது: இரண்டு முனையும் ஆட்டோ, அல்லது இரண்டு முனையும் கையால் ஒரே மாதிரி. ஒன்று ஆட்டோ, ஒன்று கை என்பது மட்டும் கூடவே கூடாது.

இரண்டு, சோதனையைப் பிங்கோடு நிறுத்தாமல், ஒரு பெரிய ஃபைலை இரு திசையிலும் அனுப்பிப் பார்த்தார்களா? எத்தனை நிமிடம் ஆயிற்று?

மூன்று, பிழை எண்ணிக்கை காட்டும் சுவிட்சாக இருந்தால் அதைப் பார்த்தார்களா? ஒரு முனையில் 'லேட் கொலிஷன்', மறுமுனையில் 'சி.ஆர்.சி.' பிழை என இரண்டும் சேர்ந்து ஏறினால் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான். வீட்டு விண்டோஸ் கணினியில் 'டிவைஸ் மேனேஜர்' போய், நெட்வொர்க் கார்டின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' என்ற வரியில் என்ன பதித்திருக்கிறது என்று பார்க்கலாம்.

நான்கு, எங்காவது பழைய 'ஹப்' பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அது பிறவியிலேயே ஹாஃப் டூப்ளெக்ஸ். எடுத்துவிடுங்கள். கேபிள் ஒரே நீளத்தில் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. செம்பு பூசிய அலுமினியக் கேபிள் வேண்டாம்.

ஐந்து, எந்தக் கருவியை என்று மாற்றினார்கள், இரு முனையிலும் என்ன அமைப்பு வைத்தார்கள் என்று ஒரு பதிவேட்டில் எழுதி, வந்தவர் கையெழுத்திட வேண்டும். ஒரு கோடு போட்ட நோட்டு போதும். இடப்பக்கம் ஒரு முனை, வலப்பக்கம் மறுமுனை. இரண்டு பக்கமும் ஒத்திருந்தால் மட்டும் பில் பாஸ் செய்யலாம்.

முதல் நோட்டை வாங்கித் தருவதும், பராமரிப்பு நாளில் கூடவே நின்று எழுதுவதும் என் பொறுப்பு. கூட நிற்க இளைஞர்கள் இரண்டு பேர் முன்வந்தால் நல்லது. செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.